வைத்தியசாலையும் வர்த்தகச் சட்டமும்

சட்டத்தரணி என்றதும் கறுப்பு அங்கி தரித்துச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்பவரே நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவார். நீதிமன்றப் படியை அரிதாகவே மிதிக்கும் சட்டத்தரணிகளும் ஐக்கிய அமெரிக்காவில் உளர். கம்பெனிச் சட்டத்தையும் சுகாதாரச் சட்டத்தையும் ஒருங்கே தொழிலாகக் கொண்டோர் அவர்களுள் ஒரு சாரார். ஒரு வைத்தியசாலை மற்றொன்றை விலைக்கு வாங்கும்போதும், வைத்தியர் பலர் கூட்டாக ஒரு நிலையம் அமைக்கும்போதும் ஒப்பந்தம் வரைபவர் இத்தகையவரே.

இவருக்கெனத் தனிப் படிப்பு வேண்டியதில்லை. சர்வகலாசாலையில் நான்கு ஆண்டு, சட்டக் கல்லூரியில் மூன்று ஆண்டு, பின்னர் தொழில் புரியக் கருதும் மாநிலத்தின் தகுதிப் பரீட்சை, அவ்வளவே. தாதியாகவோ மருந்தாளராகவோ கடமையாற்றிய பின் சட்டம் பயில வருவோரும் உண்டு. நோயாளியின் கட்டிலருகே நின்ற அனுபவம் எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று.

கட்டிலும் இடமும் கொடுப்பது வைத்தியசாலை, சிகிச்சைப் பிழை வைத்தியரையே சாரும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1960ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்திலே பதினெட்டு வயது மாணவன் ஒருவன் கல்லூரிப் பந்தாட்டத்தில் காலை முறித்துக்கொண்டான். பிளாஸ்டர் கட்டுப் போடப்பட்டது. விரல்கள் வீங்கின, கறுத்தன, உணர்ச்சியற்றுக் குளிர்ந்தன. நாட்கள் கடந்தன. வேறு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றும் பயனில்லை. முழங்காலின் கீழே துண்டிக்க நேர்ந்தது. 1965இல் அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், முதலிற் சிகிச்சையளித்த வைத்தியசாலையும் பொறுப்பாளியே என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த வைத்தியசாலை தனக்கென எழுதிவைத்திருந்த விதிகளே அதற்கெதிரான சான்றாயின! அதன்பின், வைத்தியசாலையின் விதிகளை வரைவது வெறும் எழுதுவினைஞர் வேலையாக இருக்கவில்லை.

அதே 1965இல் முதியோருக்கான மெடிக்கெயரும் வறியோருக்கான மெடிக்கெய்டும் சட்டமாகின. அரசாங்கப் பணம் பெருகி வந்தது; அதைக் குறிவைத்த கைகளும் நீண்டன. சாதாரண வணிகத்தில் வாடிக்கையாளரைக் கொண்டுவந்தவருக்குத் தரகு கொடுப்பது வழக்கம். ஆனால் இத்திட்டங்களின் கீழ் நோயாளியை அனுப்பியவருக்கு அவ்வாறு கொடுப்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இரத்தப் பரிசோதனை தனக்காகவா, அனுப்பியவரின் இலாபத்துக்காகவா என்பதை நோயாளி எங்ஙனம் அறிவான்? தமக்குப் பங்குள்ள ஆய்வுகூடத்துக்கு மெடிக்கெயர் நோயாளிகளை வைத்தியர் அனுப்புவதை 1989இல் நிறைவேறிய மற்றொரு சட்டம் தடுத்தது.

ஆகவே, கம்பெனிச் சட்டத்தில் மட்டும் தேர்ந்தவர் இத்துறைக்கு வந்தால், கற்றவற்றுட் சிலவற்றை மறக்கவும் வேண்டும். வைத்தியசாலைக் கட்டடத்தில் வைத்தியர் ஒருவர் அறை வாடகைக்குக் கேட்கிறார் என்று கொள்வோம். வேறெந்தக் கட்டடச் சொந்தக்காரரும் தாம் விரும்பியவருக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம். இங்கோ, குறைத்த வாடகை நோயாளிகளை அனுப்பியதற்கான கைம்மாறாகக் கொள்ளப்படக்கூடும். எனவே சட்டத்தரணி சந்தை வாடகையைக் கேட்டறிந்து, ஓராண்டுக்குக் குறையாத தவணை இட்டு, எழுத்தில் வரைந்து, இரு தரப்பாரிடமும் கையொப்பம் பெற்ற பின்னரே அறையின் திறப்பைக் கொடுக்கச் சம்மதிப்பார்.