புனேயின் காங்கிரஸ் புல்

இந்தியாவில் பார்த்தீனியம் பரவ ஆரம்பித்ததை முதலில் கவனித்தது எங்கள் புனேயில்தான், 1955-ல். பெருமைப்படக் கூடிய சமாசாரமில்லை! காங்கிரஸ் புல் என்பார்கள். மராட்டியில் காஜர் கவத், இலை காரட் இலை மாதிரி.

செடியைத் தொடவே வேண்டாம். அதன் காய்ந்த தூள் காற்றில் வந்து படிந்தாலே, ஒவ்வாதவர்களுக்கு முகம், இமை, கழுத்தெல்லாம் அரித்துத் தடிக்கும். பார்த்தெனின் என்கிற சத்துதான் காரணம். என் அத்திம்பேர் வேர்க்குரு என்று இரண்டு வருஷம் சந்தனம் பூசினார். பிறகு கடைக்காரர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு. இமையில் அதை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், கண்ணில் அழுத்தமும் ஏறலாம்.

தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். வாக்கிங் போய் வந்ததும் முகம் கழுவி, சட்டையை மாற்றுங்கள். சொசைட்டியில் செடியைப் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள். அரிப்பு உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.