வருத்தமா, குளிசையின் வேலையா?



மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்க்கிற பிள்ளைகளோடு இன்று பேச விரும்புகிறேன். கொழும்புக்கு அண்மையில், ராகமைப் பகுதியில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 4 பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. திருகோணமலை நகரத்திலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கங்களிலும் இப்படிப்பட்டவர்களைப் பராமரிக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: திடீரென்று வரும் மாற்றத்தை மறதி நோயின் தலையில் கட்டிவிடாதீர்கள். முதலில் குளிசைகளைப் பாருங்கள்.

மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல முற்றும். போன வாரம் வரை முற்றத்தில் நடந்து திரிந்த அப்பா இன்று எழும்ப மாட்டாமல் கிடக்கிறார், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் அலம்புகிறார் என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. சலத்தில் கிருமி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசையாகவும் இருக்கலாம்.

நமக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வாய்விட்டுச் சொல்வோம். மறதி நோயாளரால் அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய குமட்டல், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவதில்தான் தெரியும். தலைச்சுற்று, குளிக்க வரமாட்டேன் என்ற பிடிவாதமாக வெளிவரும். நாம் அதைக் குணக்கேடு என்று நினைத்துக் கோபப்படுகிறோம்.

மறதி நோய்க்கென்றே கொடுக்கும் டொனெபெசில் குளிசையை எடுத்துக்கொள்வோம். சிலருக்கு அது வயிற்றோட்டத்தையும் பசியின்மையையும் கொண்டுவரும். நாடித்துடிப்பைக் குறைத்து மயங்கி விழவும் வைக்கும். இரவில் கொடுத்தால் கெட்ட கனவு கண்டு கத்துபவர்களும் உண்டு. அப்படியானால் காலையில் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பல வேளை அதுவே போதும். இன்னொன்று, இந்தக் குளிசையால் சிலருக்குச் சலம் அடக்க முடியாமற் போகும். அதற்கென்று வேறோரிடத்தில் ஒரு குளிசை எழுதுவார்கள். அந்தக் குளிசையோ மூளையில் டொனெபெசில் செய்கிற வேலைக்கு நேரெதிரான வேலையைச் செய்து குழப்பத்தைக் கூட்டிவிடும். ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு வருத்தமென்று எண்ணி அதற்கும் மருந்து கொடுக்கிற இந்தச் சங்கிலிதான் முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து.

தடிமனுக்கும் கடிக்கும் பாமசியில் கேட்டு வாங்குகிற பிரிட்டோன் (Piriton) குளிசையும் அதே எதிர்வேலையைத்தான் செய்யும். நமக்குக் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். மறதி நோயுள்ள அம்மாவுக்கோ வாய் காய்ந்து, சலம் கட்டி, புத்தி தடுமாறிவிடலாம்.

இனிச் சீனி வருத்தம். குளிசை போட்டுவிட்டு அப்பா சாப்பிட மறுக்கிறார் என்று வையுங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் அப்போது சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். பார்ப்பவர்களுக்கு மறதி முற்றியது போலவே இருக்கும். நோன்பு நாட்களிலும் விரத நாட்களிலும் இதை மிகவும் கவனிக்க வேண்டும். விழிப்பாக இருந்து விழுங்கக் கூடியவராயின் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சலம் போக்கும் பிரஷர் குளிசை எடுப்பவர் அந்த வெக்கையில் தண்ணீர் கேட்டுக் குடிக்க மாட்டார், தாகத்தையும் மறந்துவிடுவார். எழும்பும்போது பிரஷர் இறங்கி விழுவார். கட்டிலில் எழும்பி உட்காரச் செய்து, காலைத் தொங்கவிட்டுச் சற்றுநேரம் இருந்த பிறகே நிற்க விடுங்கள். எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாமென்று கிளினிக்கில் கேளுங்கள். இதய வருத்தம் உள்ளவர்களுக்கு அதில் அளவுண்டு.

மிகவும் அவதானம் வேண்டியவை, ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவை மரண ஆபத்தைக் கூட்டுவதாக 2005இலும், ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளையும் சேர்த்து 2008இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சிலருக்கு இவை தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மிகக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத்தான். இவற்றை எடுக்கும் அம்மாவின் கையை முழங்கையில் மெதுவாக மடக்கிப் பாருங்கள். முன்பில்லாத விறைப்பு இருந்தாலோ, நடை குறுகினாலோ, விழுங்கும்போது புரைக்கேறினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காதீர்கள்.

அதற்காக எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சிலவற்றைத் திடீரென்று விட்டால் வேறு ஆபத்து வரும். விழுங்க மறுக்கிறார் என்று எல்லாவற்றையும் இடித்துக் கரைக்கவும் வேண்டாம். நேரமெடுத்து மெல்லக் கரைய வேண்டிய குளிசையை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போடுங்கள். கிளினிக்கில் தந்த கடதாசி உறைகள், தனியார் டொக்டர் எழுதியவை, பாமசியில் கேட்டு வாங்கியவை, ஆயுர்வேத லேகியம், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய சத்துக் குளிசை, எல்லாம். ஒரு கொப்பியில் எந்தக் குளிசை எந்தத் திகதி தொடங்கியது, அளவு எப்போது கூடியது, அதன்பின் சாப்பாடு, தூக்கம், நடை, மலம் எப்படி என்று இரண்டு வரி எழுதுங்கள். மூதூரிலிருந்து அப்பாவைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது லேசான காரியமல்ல. வந்தாலும் நீண்ட வரிசைக்குப் பிறகு டொக்டரிடம் கிடைப்பது சில நிமிடந்தான். அந்தச் சில நிமிடத்தில் கொப்பியும் பையும் உங்களுக்காகப் பேசும்.

அங்கே மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தக் குளிசை எதற்கு? இதனால் என்ன கெடுதல் வரலாம்? இது இன்னும் தேவைதானா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்காததால்தான் பத்து வருடத்துக்கு முன் தொடங்கிய குளிசையும் இன்றுவரை தொடர்கிறது. கேட்பது டொக்டரை அவமதிப்பதாகாது. வீட்டில் நடப்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் சொன்னால்தான் அவரால் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

நம் பெற்றோருக்கு மறதி நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மருந்தால் வந்த மயக்கத்தையும் விறைப்பையும் பல வேளை மாற்றலாம். மாற்றக்கூடிய ஒன்றை விதியென்று சகித்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளுக்குப் போகும்போது அந்தப் பையும் உங்கள் கையில் இருக்கட்டும்.