முதல் நாளிலேயே சட்டம் தெரிந்த தோழர் வேண்டும்

(அஸ்தினாபுரத்தில் பெண் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்திலும், குரோம்பேட்டை, பல்லாவரம் பட்டறைகளிலும், வீட்டு வேலையிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளித் தோழர்களும் வந்திருக்கிறார்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை.

ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தால் நாம் ஆத்திரப்படுகிறோம், கண்டனக் கூட்டம் போடுகிறோம். அது அவசியம்தான். ஆனால் அந்த முதல் நாளில் அவளுடன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது யார்? எழுதிய புகாரைப் படித்துப் பார்ப்பது யார்? இதைத்தான் இன்று பேச வேண்டும்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டம், அரூர் தாலுகா, சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கல் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஆதிவாசி கிராமத்திற்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப்போய்ப் பலாத்காரம் செய்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே கைதிகளாக்கி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். புகார் வாங்க வேண்டிய போலீசே குற்றவாளிக் கூட்டத்தில் நின்றால், ஏழைப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் ஊருக்குள் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கார் மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் தோழர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது 1995-ல். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது கோர்ட்டு. அதில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் உறுதியாயிற்று. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், ஐகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதி செய்தார். பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் நஷ்ட ஈடு, அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்டு, வன அதிகாரி மீதும் நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னார்.

மகத்தான வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம், தோழர்களே! அன்று சிறுமியாக இருந்தவள் நடுவயதுக்காரி ஆகிவிட்டாள். இத்தனை காலமும் அந்தப் பெண்கள் சாட்சியில் தளராமல் நின்றதற்கு இரண்டு காரணம். சங்கம் அவர்களை விட்டு விலகவில்லை. வழக்கு நுணுக்கம் தெரிந்த வக்கீல்களும் கட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடவில்லை. இதில் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாதிருந்தால் கேஸ் காணாமல் போயிருக்கும்.

சட்டம் படித்தவர்கள் நினைத்தால் சட்டத்தையே மாற்றவும் முடியும். மகாராஷ்டிரத்தில் 1972-ல் ஒரு ஆதிவாசிப் பெண் போலீஸ் ஸ்டேஷனிலேயே கெடுக்கப்பட்டாள். உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்றெல்லாம் காரணம் காட்டி சுப்ரீம் கோர்ட்டு போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மாதர் இயக்கம் வீதிக்கு வந்தது. 1983-ல் சட்டம் திருந்தியது: காவலில் இருந்த பெண் 'நான் சம்மதிக்கவில்லை' என்று கோர்ட்டில் சொன்னால், கோர்ட்டு அதை ஏற்றே தொடங்க வேண்டும்.

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். 'இது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போ' என்று பெண்ணை அலைய விடுவது இன்னமும் நடக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்தே ஆக வேண்டும். பலாத்காரப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகம் இரண்டு வருஷம் சிறை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் பைசா வாங்காமல் சிகிச்சை தர வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைத்துவிடாதீர்கள், அதுவும் சாட்சி. இரண்டு விரல் பரிசோதனை என்ற அவமானத்தை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துத் தடுத்துவிட்டது. எவராவது அதைச் செய்ய வந்தால் அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும்.

வக்கீல் என்றாலே பணம் என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். பெண்ணுக்கு வருமானக் கணக்கே கேட்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருஷச் சட்டம். செங்கற்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுப் போட்டால் போதும். சர்க்கார் வக்கீலுக்குத் துணையாக நம் பக்க வக்கீலும் கோர்ட்டில் அமரலாம். பத்துப் பேர் வேலை செய்யும் இடமென்றால் பெண்ணைத் தலைவராகக் கொண்ட புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வயலில் வேலை செய்பவளும் வீட்டு வேலைக்காரியும் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று நாளைக் காலையில் கேட்டுப் பாருங்கள். பாதி மானேஜர்கள் விழிப்பார்கள்!

ஒவ்வொரு கிளையும் இரண்டு பெண் தோழர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஞாயிறுதோறும் நம் வக்கீல் தோழர்கள் புகார் எழுதுவது, நகல் வாங்குவது, மாஜிஸ்டிரேட்டிடம் வாக்குமூலம் கொடுப்பது ஆகியவற்றைச் சொல்லித் தருவார்கள். பெயர்களை இன்றே சங்க ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.