மூலாதாரம்



'மூலாதாரம்' என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். மூலம் என்பது வேர். ஆதாரம் என்பது தாங்குவது. வேராக நின்று தாங்குவது எதுவோ அதுவே மூலாதாரம். நம் யோக நூலார் உடம்பில் ஆறு ஆதாரங்களைக் கூறினர். அவற்றுள் முதலாவது இது. முதுகெலும்பின் அடியில் நான்கு இதழ்த் தாமரையாகத் தியானிக்கப்படுவது; ஐம்பூதங்களுள் நிலத்திற்கு உரியது. திருமூலரின் திருமந்திரமும் ஔவையாரின் விநாயகர் அகவலும் இதனைப் பேசுகின்றன. தலங்களுள் திருவாரூரை மூலாதாரத் தலம் என்பர். அவ்வூரில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், 'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனையில் மூலாதாரத்தில் உறையும் கணபதியைப் பாடினார். 1835இல் நம் கரிசற்சீமையைச் சேர்ந்த எட்டயபுரத்தில் அவர் மறைந்தார்.

"இத்தாமரையை அறுவை மருத்துவர் எவரும் கண்டதில்லையே?" என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. அஃது உறுப்பன்று, அலையும் மனத்தை நிறுத்துதற்கு முன்னோர் வகுத்த இடம். நிலநடுக்கோட்டைக் கடலிலே தேடினால் அகப்படாது. எனினும் மாலுமிக்கு அது பயன்படுகிறதன்றோ?

அதன் பயனை நான் ஏட்டில் கற்கவில்லை, எம். புதுப்பட்டியில் ஆசிரியனாக இருந்தபோது கற்றேன். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், ஆசிரியர் தினத்தன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் பிள்ளைகளுள் பலர் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுள் ஒரு மாணவன், பலகை நகரும் ஓசைக்கும் திடுக்கிட்டு எழுந்து நிற்பான். எழுதும் கை நடுங்கும். "பயப்படாதே" என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. அவன் தந்தை வேறோர் ஆலையில் மருந்து கலக்கும் தொழிலாளி. அவனுடைய அச்சம் பொய்யச்சமன்று என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், அவனருகே வெறுந்தரையில் அமர்ந்தேன். "தம்பி, சம்மணமிட்டு உட்கார்; முதுகு நிமிர்ந்திருக்கட்டும். தரை உன்னை எங்கெங்கே தாங்குகிறது, சொல்" என்றேன். சற்று யோசித்து, "காலிலே சார், உட்கார்ந்த இடத்திலே சார்" என்றான். "அங்கேயே மனத்தை வை; மூச்சை மெல்ல, நீள விடு" என்றேன். நாள்தோறும் ஐந்து நிமிடம் இவ்வாறு அமர்ந்தோம். சில வாரங்களில் அவன் கை நிலைப்பட்டது. மெல்ல விடும் மூச்சு இதயத்துடிப்பைத் தணிக்கும் என்பதை இன்றைய உடலியலும் ஒப்புகின்றது.

ஒருநாள் அவனே கேட்டான்: "சார், மருந்து ரூமுக்குள்ளே போகுமுன்னே அப்பா தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவாராம். இதுவும் அதுமாதிரிதானா?"

நான் வியந்து போனேன். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிறு பொறியாகத் தெறித்தாலும் மருந்து பற்றிக்கொள்ளும். ஆகவே, நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு, அதனை மண்ணுக்குள் இறக்கிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். மூலாதாரத்திற்கு இத்துணைப் பொருத்தமான உவமையை இத்தனை ஆண்டு ஆசிரியனாக இருந்த நான் கண்டதில்லை, அச்சிறுவன் கண்டான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தகட்டைத் தொட்டதனால் அத்தந்தை மற்றைய விதிகளைக் கைவிடுவதில்லை. அதுபோலவே, தியானம் வெடிவிபத்தைத் தடுக்காது. அதற்கு விதியும் கண்காணிப்பும் வேண்டும். தீராத நடுக்கத்திற்கு மருத்துவரும் வேண்டும். ஆனால், கலங்கிய மனம் இவற்றைக் கேட்கவும் அறியாது. நிலைபெற்ற மனமே தந்தையிடம், "உங்கள் ஆலையில் விதிப்படிதான் வேலை நடக்கிறதா?" என்று துணிந்து கேட்கும். அம்மாணவன் அவ்வாண்டே தன் தந்தையிடம் அதைக் கேட்டான்.

நாளைக் காலை பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் தரையில் அமர்ந்து பாருங்கள்.