கெப் வண்டி வாங்கலாமா?

(தோட்ட நலன்புரி நிலையத்தில் குடும்பங்கள் மத்தியில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் போஷாக்கு, குடிதண்ணீர், பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவோம். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நலன்புரிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம்ம லயங்களில் வண்டி வாங்கப் போகும் பணம் பெரும்பாலும் ஒரு தாயின் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான்.

விஷயம் இதுதான். நம்ம மேல் டிவிசனில் மூன்று குடும்பங்கள் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் போட்டுப் பதுளைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். இப்போது வாடகை லொறியில்தான் போகிறது. அவர்களில் ஒரு தம்பி அக்கரைப்பற்றில் கடையில் வேலை செய்கிறார். பக்கத்து ஊரான பாலமுனையில் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் விற்பனைக்கு இருப்பதாக அவர் சொன்னார். உடனே முற்பணம் கொடுத்துவிடலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். நாங்களும் அவர்களுடன் பிபிலை, அம்பாறை, காரைதீவு வழியாகப் போய் அந்த வண்டியைப் பார்த்து வந்தோம். அவர்களுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்லுகிறோம்.

முதல் கேள்வி: வண்டிக்கு வேலை இருக்கிறதா?

ஹைலக்ஸ் நல்ல வண்டிதான். 1968-ல் ஜப்பானில் முதன்முதலாக வந்தது. மேட்டிலும் சேற்றிலும் உழைக்கும் என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. ஆனால் நல்ல வண்டி வேறு, நமக்கு ஏற்ற வண்டி வேறு. டபுள் கெப்பில் பின்னால் ஆட்கள் இருக்க இன்னொரு வரிசை ஆசனம் இருப்பதால் சாமான் ஏற்றும் பெட்டி ஏறத்தாழ ஐந்து அடிதான். சிங்கிள் கெப்பில் ஏழு அடிக்கு மேல் வரும். தக்காளிப் பெட்டி அடுக்குகிறவனுக்கு அந்த இரண்டு அடி பெரிய விஷயம். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்தோடு போக டபுள் கெப் அழகு. அதற்காக வருடத்தில் நாலு நாள் போகிறோம்; மற்ற நாளெல்லாம் மரக்கறிதானே ஏற்றப் போகிறோம்?

சின்னச் சுமை என்றால் 'பட்டா' என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸ் இருக்கிறது. அது முக்கால் தொன் சுமைக்குச் செய்யப்பட்ட வண்டி. ஹைலக்ஸ் சுமார் ஒரு தொன் தாங்கும். எந்த வண்டியில் எவ்வளவு சுமை, வாரத்தில் எத்தனை நடை என்று எழுதிப் பார்க்காமல் எந்த வண்டியையும் பேச வேண்டாம். வாரத்தில் இரண்டு நடை மட்டுமென்றால் வாடகை லொறியே மலிவு. சும்மா நிற்கிற வண்டிக்கும் காப்புறுதி, வருட லைசன், புகைப் பரிசோதனை, டயர், பற்றரி எல்லாம் உண்டு. யானையை வாங்கியவன் தீனிக்கு அழுத கதையாக அது முடியக் கூடாது.

இரண்டாவது கேள்வி: பணம் யாருடையது?

லீசிங்காரர் "வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுதான்" என்பார். பிளாட் ரேட்டா, குறைந்து போகும் மீதிக்கா என்று நாம் கேட்க வேண்டும். பத்து இலட்சம் ரூபாய்க்குப் பிளாட் ரேட்டில் 12 வீதம், நாலு வருடம் என்று வையுங்கள். வட்டி மட்டும் 4,80,000. மொத்தம் 14,80,000. மாதத் தவணை 30,833 ரூபாய். மாதா மாதம் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் முழுப் பத்து இலட்சத்துக்கும் கடைசி வரை வட்டி வாங்குகிறார்கள். ஆகவே உண்மையான வட்டி ஏறத்தாழ 21 வீதம் ஆகிறது.

இதைப் பேர்க் கணக்கில் பாருங்க. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு தவணைக்கு 23 பேர் போட வேணும். அதாவது ஓர் ஆளின் ஒரு மாத உழைப்பு முழுக்க. அதுவும் கடனில் ஒவ்வொரு பத்து இலட்சத்துக்கும்!

இப்போது தாய்மார் பணத்துக்கு வருவோம். பணிக்கொடைச் சட்டம் 1983-ல் வந்தது. அதன்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து பறித்த தாய்க்கு 420 நாள் சம்பளம். அதே 1,350 ரூபாய்க் கணக்கில் 5,67,000 ரூபாய். மேலே சொன்ன தவணையில் அது 18 மாதத்தில் கரைந்துவிடும். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற உழைப்பு பதினெட்டுத் தவணை!

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் 30 வீதம் எடுக்க இடமுண்டு. அது வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் மட்டும். வண்டிக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு உதவ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உதவுகிற தாய் பாதியையாவது தன் பெயரில் வைப்பில் போட்டுவிட்டு உதவட்டும். வண்டிக்குப் பணம் அம்மாவுடையது என்றால் வண்டிப் புத்தகத்தில் அம்மாவின் பெயர் இருக்கட்டும். மகன் கோபிக்க வேண்டியதில்லை. ஓட்டப் போவது அவன்தானே?

மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கினால் யார் எவ்வளவு போட்டது, டயர் யார் வாங்குவது, ஒருவர் விலகினால் எப்படிக் கணக்கு முடிப்பது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர்தானே என்று விடுவதில்தான் சொந்தம் முறிகிறது.

மூன்றாவது கேள்வி: வண்டி எங்கே உழைத்தது?

பாலமுனை கடற்கரை ஊர். விற்பவர் மீன் வியாபாரி. அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வண்டிக்குப் புது வெள்ளைப் பெயிண்ட். பார்த்தவுடனே பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது. காக்கா நேர்மையான மனிதர். அவரே சொன்னார்: "தம்பி, மேலால பார்த்து வாங்கப்படாது. கீழால படுத்துப் பாருங்க."

படுத்துப் பார்த்தோம். மீன் வண்டியில் ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து சசிச் சட்டத்துக்கு ஒழுகும். கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு காய்வதே இல்லை. சட்டம் உள்ளே பொள்ளலாக இருப்பதால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் மினுங்கும். அந்த வண்டியை நம்ம மூடுபனிக்குக் கொண்டுவந்தால் துரு நிற்காது.

இது நம்ம நாட்டில் மட்டும் உள்ள சங்கதி இல்லை. அமெரிக்காவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா என்ற பெரிய பிக்கப் வண்டிகளில் சசி துருப்பிடித்ததாக அங்கே வழக்கு நடந்தது. 2016-ல் சுமார் 15 இலட்சம் வண்டிகள் சம்பந்தமாகக் கம்பனி சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. பெயர் பெற்ற வண்டிக்கே உப்பு அப்படிச் செய்யும்.

ஆகவே கடற்கரை வண்டி பார்க்கப் போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

ஒன்று, சின்னச் சுத்தியலால் சசியை மெதுவாகத் தட்டுங்கள். டங் என்று கேட்டால் நல்லது. தொம் என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே இரும்பு போய்விட்டது.

இரண்டு, அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மூன்று, ஸ்பிரிங் பட்டி மாட்டும் இடம், பிரேக் குழாய் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். நம்ம வளைவுகளில் பிரேக் குழாய் வெடித்தால் பிறகு பேச ஆள் இருக்காது.

நான்கு, சசி நம்பரையும் என்ஜின் நம்பரையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஐந்து, காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது.

ஆறு, விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக் வேண்டாம். நம்ம ஆளைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண் செலவு அல்ல.

கடைசியாகக் கடதாசி. 'ஓபன் பேப்பர்' வண்டி வேண்டவே வேண்டாம். விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவத்திலும் வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவத்திலும் ஒப்பமிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்ற வேண்டும். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் சதமும் கொடுக்காதீர்கள். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் காப்புறுதியில் அதைச் சொல்லி எழுதுங்கள். மறைத்தால் விபத்து நாளில் கை விரிப்பார்கள்.

சரி, அந்தப் பாலமுனை வண்டி? சசியின் பின்பக்கம் இரண்டு இடத்தில் தொம் என்றது. நடையும் வாரத்தில் மூன்றுக்கு மேல் வரவில்லை. எங்கள் யோசனை: அந்த வண்டி வேண்டாம். அடுத்த போகம் முடியும் வரை வாடகை லொறிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி வண்டி வேணும் என்று சொன்னால் சிங்கிள் கெப் பாருங்கள், கடன் விலையில் பாதிக்கு மேல் போகாமல். மூன்று குடும்பத்தில் இரண்டு இதை ஏற்றுக்கொண்டன. மூன்றாவது குடும்பத்துத் தம்பிக்கு இன்னும் மனத்தாங்கல்தான். அது நியாயமான ஆசை, குற்றம் சொல்ல மாட்டோம்.

தம்பிமாரே, அவசரப்படச் சொல்லுகிறவர்கள் பலர் வருவார்கள். "வண்டி விலை ஏறப் போகுது" என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிக்கும் பொன் விலை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்தது. டீசல் 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாய். அதே வருடம் ஜூன் 26-ல் 460 ரூபாய். விலைகள் இப்படித்தான் ஏறி இறங்கும். தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வரும்.

வண்டி பேசுகிறவர்கள் முற்பணம் கொடுக்குமுன் புத்தகத்தின் பிரதியையும் லீசிங் கடதாசியையும் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். வாசித்துச் சொல்ல ஒரு சதமும் வேண்டாம். வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள்.