பசை என்று பெயர் பெற்ற அணுக்கள்



காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் அங்கே திரண்டு சென்று, உட்புகுந்த கிருமிகளோடு போரிடுவதன் அடையாளம் அது. ஆனால் மூளைக்கும் குருதிக்கும் இடையே நுண்ணியதொரு தடுப்பு உண்டு; வெள்ளணுக்கள் அதனை எளிதில் கடப்பதில்லை. ஆகவே மூளை தனக்கெனவே ஒரு காவற்படையை வைத்துக்கொண்டிருக்கிறது. அதனைப் பற்றியே இன்று சிறிது பேசக் கருதுகிறோம்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்க்கோ, நரம்பணுக்களுக்கு இடையே நிறைந்திருந்த பொருளுக்குப் ‘பசை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பெயராக இட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. பசை என்று சொல்லிவிட்ட பிறகு, ஒட்டுவதற்கு மேல் அதற்கு வேறு வேலை இருக்குமென யார் தேடுவார்கள்? நெடுங்காலம் பலரும் தேடவில்லை.

1906இல் கோல்ஜியுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ கஹால், நரம்பணு, நட்சத்திர வடிவப் பசையணு ஆகிய இரண்டுக்கும் அப்பால் ‘மூன்றாம் கூறு’ ஒன்று உண்டென்றும், அதற்குக் கிளைகள் இல்லையென்றும் எழுதியிருந்தார். அவரிடம் மாட்ரிட் நகரில் பணிபுரிந்த பீயோ தெல் ரீயோ ஒர்தேகா, வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு புதிய சாயமுறை ஒன்றை வகுத்தார். மூன்றாம் கூறு ஒன்றல்ல, இரண்டு. இரண்டிற்கும் கிளைகள் உண்டு என அது காட்டிற்று. 1919இல், அவற்றுள் ஒன்றனுக்கு மைக்ரோகிளியா என்று அவர் பெயரிட்டார். காயமுற்ற மூளையில் அவ்வணுக்கள் கிளைகளைச் சுருக்கி உருண்டு திரண்டு, சிதைந்தவற்றை விழுங்குவதையும் விளக்கினார்.

ஆசானின் கூற்றைத் திருத்தியவருக்குக் கிடைத்தது என்ன? மனக்கசப்பு முற்றி, 1920இல் கஹாலின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 1936இல் மூண்ட உள்நாட்டுப் போரோ நாட்டையே விட்டு வெளியேறச் செய்தது. 1945இல் புவனோஸ் அயரிஸ் நகரில் அவர் காலமானார். சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நேயர்கள் அவர் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

காயம் நேராத வேளையில் இவ்வணுக்கள் உறங்குகின்றன என்றே பின்னர் கருதி வந்தார்கள். 2005இல், உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டை ஓரிடத்தில் மெல்லிதாகத் தேய்த்து, அதன் வழியே நுண்ணோக்கியால் மூளையைக் கண்டனர். உறக்கமாவது! அணுவின் உடல் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் மெல்லிய கிளைகள் ஓயாது நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிய வண்ணம் இருந்தன. லேசர் ஒளியால் சிறு புண் உண்டாக்கியதும், சில நிமிடங்களிலேயே அருகிலிருந்த கிளைகளெல்லாம் அதனை நோக்கி நீண்டன.

இவை பிறக்கும் இடமும் வேறு. வெள்ளணுக்களைப் போல எலும்பு மச்சையிலிருந்து வருவன அல்ல; கரு உருவாகும் தொடக்க நாட்களில் கருவுணவுப் பையில் தோன்றி மூளையிற் குடியேறுபவை என 2010இல் சுண்டெலிகளில் கண்டறிந்தனர்.

காவல் மட்டுமே இவற்றின் பணியன்று. இளம் மூளையில் நரம்பணுக்களிடையே இணைப்புகள் தேவைக்கு மிகுதியாகவே முளைக்கின்றன. நெருங்கி முளைத்த கீரையை நாம் கலைத்து விடுவதில்லையா? அவ்வாறே பயன்படாத இணைப்புகளை இவ்வணுக்கள் விழுங்கி அகற்றுகின்றன. எவற்றை விழுங்குவது என்பதற்கு ஒருவகைப் புரதம் அடையாளமிடுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதையில் இதனை 2012இல் நிறுவினர்.

இதே வேலை முதுமையில் தடம் மாறக்கூடும். பெற்ற மக்களின் பெயரையே மறக்கச் செய்யும் அல்ஷைமர் நோயில், மூளையில் புரதக் கழிவு படிகிறது. அதனைச் சூழ்ந்து தடுப்பவையும் இவ்வணுக்களே. 2016இல் சுண்டெலிகளில் கண்டபடி, நல்ல இணைப்புகளையும் சேர்த்து விழுங்குபவையும் இவ்வணுக்களே. இவற்றின் மேற்பரப்பிலுள்ள டிரெம்-2 எனும் புரதத்தின் மரபணுவில் அரிதாகக் காணும் ஒரு மாறுபாடு, இந்நோய்க்கான வாய்ப்பைப் பன்மடங்கு கூட்டுவதாக 2013இல் வெளிவந்தது. ஆகவே இவ்வணுக்களைத் தூண்டும் மருந்து வேண்டுமா, அடக்கும் மருந்து வேண்டுமா, நோயின் எந்தக் கட்டத்தில் எது என்பதே இன்று ஆய்வாளர்களிடையே நடைபெறும் வழக்கு.