பலகையில் என்ன எழுதியிருந்தது?

 

தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. ஒருநாள் அது நின்றால் போதும். தெருவே குடத்தோடு வந்து நிற்கும். ஆலையிலும் அப்படித்தான். இயந்திரம் ஓடும்போது பராமரிப்பு ஆளை யாருக்கும் நினைவு இருக்காது. நின்றுவிட்டால், "கூப்பிடு மெயின்டனன்ஸ் ஆளை!" என்று சத்தம் போடுவார்கள்.

அந்த வேலையைப் பழகப் போன ஒரு பையனின் கதையை இன்று கேளுங்கள். அவனைப் போலப் பல பேர் இருக்கிறார்கள். அதனால் பெயர் வேண்டாம். தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஊர் கோலார் தங்கவயல். அது கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுடைய பாட்டன், முப்பாட்டன் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யப் போனவர்கள். பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பிறகு ஆயிரக்கணக்கான பேர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். விடியும் முன்னே கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புவார்கள்.

தம்பியின் தாத்தாவும் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆட்களை இறக்கும் கூண்டு இரும்புக் கயிற்றில் தொங்கும். அந்தக் கயிற்றைச் சோதித்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவார்கள். தாத்தா அடிக்கடி சொல்லுவார்: "கயிறு அறுந்த பிறகு பார்ப்பது வேலை இல்லடா. அறுவதற்கு முன்னே பார்ப்பதுதான் வேலை."

தம்பி 10-ஆம் வகுப்பு தேறியவன். வயது 18 நிரம்பிவிட்டது. பெங்களூர் போகும் வழியில் ஓர் ஆலையில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்தது. அப்ரண்டிஸ் என்றால் தொழில் பழகுநர். வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர்.

சேரும் முன் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அது ஒப்பந்தம். தம்பி அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை. ரயிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்தான். தெரியாததைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான்.

இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அது 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். பழகுநருக்கு மாதா மாதம் உதவித்தொகை தரவேண்டும். 10-ஆம் வகுப்பு தேறியவருக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்று 2019-ஆம் ஆண்டு விதி செய்தார்கள். 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவருக்குக் குறைந்தது 5,000 ரூபாய் என்று அதே விதி சொன்னது. அதிகாரியின் அனுமதி இல்லாமல் பழகுநரை ஓவர்டைம் வேலை வாங்கக்கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆனால் ஒன்றையும் மறக்கக்கூடாது. பயிற்சி முடிந்ததும் அதே ஆலை வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கற்ற தொழில்தான் கூட வரும்.

முதல் நாள் தம்பி பெரிய ஆசையோடு போனான். மோட்டாரைப் பிரிக்கலாம், மாட்டலாம் என்று நினைத்தான். மேஸ்திரி அவன் கையில் ஒரு பழைய துணியைக் கொடுத்தார்.

"இயந்திரத்தைத் துடை, தம்பி" என்றார்.

ஒரு வாரம் முழுவதும் துடைக்கும் வேலைதான். தம்பிக்கு மனசு விட்டுப்போயிற்று. "அண்ணே, துடைக்கவா நான் வந்தேன்?" என்று கேட்டான்.

மேஸ்திரி ஒரு மோட்டாரைக் காட்டினார். "நேற்று இதைத் துடைத்தாயே. என்ன பார்த்தாய்?"

"ஒன்றும் பார்க்கவில்லை, அண்ணே."

"இங்கே பார். அடியில் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. அழுக்கு மூடியிருந்தால் இது தெரியாது. எண்ணெய் கசிந்தால் தெரியாது. விரிசல் விட்டால் தெரியாது. துடைப்பதே பார்ப்பதற்குத்தான்."

அன்று முதல் தம்பி கண்ணைத் திறந்து வைத்துத் துடைத்தான்.

மேஸ்திரி காதையும் பழக்கினார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டாரின் ஓடாத கூட்டின்மேல் வைப்பார். பிடியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். நல்ல பேரிங் ஒரே சீராக 'உம்' என்று ஓடும். கெட்டுப்போன பேரிங் மணலை அரைப்பது போலக் கரகரக்கும். கிரீஸ் குறைந்தால் பேரிங் தேயும். அளவுக்கு மேல் அடைத்தாலும் சூடாகும். இதெல்லாம் நோட்டில் ஏறியது.

ஒருநாள் பழைய பேரிங் ஒன்றைக் கொடுத்தார். அதில் 6205 என்று பொறித்திருந்தது. "கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கு" என்றார். 05-ஐ 5-ஆல் பெருக்கினால் 25. அளந்து பார்த்தான். பேரிங்கின் உள் ஓட்டை சரியாக 25 மில்லிமீட்டர்! 6206 என்றால் 30 மில்லிமீட்டர். வாய்ப்பாடு தெரிந்தவனுக்குப் பேரிங் தன் அளவைத் தானே சொல்லிவிடுகிறது.

அந்த ஆலையில் ஒரு பெரியவர் இருந்தார். அவரும் தங்கவயல்காரர். முப்பது வருடமாக உதவியாளர் வேலை பார்த்தவர். பெல்ட் வழுக்குவதை வாசனையிலேயே கண்டுபிடிப்பார். ஆனால் எழுத்து தெரியாது. அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவும் மாட்டார். தம்பி அவரை மாமா என்று கூப்பிடுவான்.

ஒருநாள் காலை. ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரம். அட்டைப் பெட்டிகளைக் கொண்டுபோகும் பெல்ட்டில் ஒரு சாக்குத் துண்டு சிக்கியது. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். தம்பி சுவிட்சை அணைத்தான். அணைத்த பிறகு சுவிட்சுக்குப் பூட்டுப் போடவேண்டும் என்று மேஸ்திரி பலமுறை சொல்லியிருக்கிறார். பூட்டு தூரத்தில் ஸ்டோரில் இருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று தம்பி நினைத்தான். பலகையை மட்டும் மாட்டினான். 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே' என்று அதில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் கையை விட்டுச் சாக்கை இழுத்தான். வரவில்லை. கையை எடுத்தான். கையுறையைக் கழற்றிப் பெல்ட்டின்மேல் வைத்தான். குறடு எடுக்கக் குனிந்தான்.

அந்த நேரம் பெரியவர் வந்தார். பெல்ட் நின்றிருப்பதைப் பார்த்தார். தினமும் போடுவது போலச் சுவிட்சைப் போட்டார்.

கையுறை உருளைக்குள் போயிற்று. மறுபக்கம் தட்டையாக, கிழிந்து வந்தது.

தம்பியால் பேச முடியவில்லை. பெரியவர் ஓடி வந்து அவன் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கூடியது. "இவ்வளவு பெரிய பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று சூப்பர்வைசர் பெரியவரைத் திட்டினார். மேஸ்திரி குறுக்கே வந்தார். அவர் தம்பியைப் பார்த்துத்தான் பேசினார்.

"படிக்கத் தெரிந்தவருக்கு எழுதி மாட்டினாய். தெரியாதவருக்குச் சொன்னாயா? பூட்டு எங்கே?"

தம்பி தலை குனிந்தான்.

மறுநாள் மேஸ்திரி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். முதலில் இயந்திரத்தை நிறுத்து. மெயின் சுவிட்சை அணை. அதைப் பூட்டு. சாவி உன் பையில்தான் இருக்கவேண்டும். பலகை மாட்டு. சுற்றி இருப்பவர்களுக்கு வாயால் சொல்லு. பிறகு பட்டனை அழுத்திப் பார். இயந்திரம் ஓடவில்லை என்று தெரிந்துகொள். காற்று அழுத்தத்தில் ஓடும் இயந்திரம் என்றால் உள்ளே அடைந்த காற்றைத் திறந்துவிடு. டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய். முதலில் அந்த டெஸ்டரே வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்துக்கொள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கையை உள்ளே விடவேண்டும். ஐந்து நிமிட வேலைக்கும் இதேதான்.

அன்று சாயங்காலம் ரயிலில் பெரியவர் தம்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பங்காருப்பேட்டை தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது, தம்பி?"

தம்பி சொன்னான்.

"முப்பது வருடமாக அதன் பக்கத்தில் நடக்கிறேன்" என்றார் பெரியவர்.

தம்பி ஓர் அட்டையை எடுத்தான். அதே வாக்கியத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினான். பெரியவர் அதன்மேல் விரலை ஓட்டினார். 'ஆள்' என்ற சொல்லைத்தான் அவர் முதலில் படித்தார். பிறகு தினமும் ரயிலில் பாடம் நடந்தது. பெல்ட், மோட்டார், சூடு, சத்தம், எண்ணெய் என்று அவருக்குத் தேவையான சொற்களாகவே தம்பி எழுதிக் காட்டினான். பதிலுக்குப் பெரியவர் எந்த வாசனைக்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொடுத்தார். தமிழ்ப் பலகை ஒன்றும் ஆலையில் ஏறியது.

சில மாதம் போயிற்று. ஒருநாள் காலை தம்பி பதிவு நோட்டைத் திறந்தான். இரவு ஷிப்ட் பக்கத்தில் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'3 மோட்டார். சூடு. சத்தம்.'

முன்பென்றால் பெரியவர் இதை வாயால் சொல்லியிருப்பார். கேட்டவர் மறந்தும் இருப்பார். இன்று அது நோட்டில் நின்றது. மேஸ்திரி 3-ஆம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். தம்பி பூட்டுப் போட்டான். சாவியைப் பையில் வைத்தான். பிரித்துப் பார்த்தால், பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் மோட்டாரே கெட்டிருக்கும். தாத்தா சொன்ன வேலை இதுதான். அறுவதற்கு முன்னே பார்க்கிற வேலை.

நண்பர்களே! நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் பலகைகள் தொங்கும். நாளைக்குப் போனதும் ஒவ்வொன்றையும் நின்று படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். அவருடைய விரலும் உங்களுடைய விரலும் அதில் இருக்கிறது.